இராமநாதபுரம் கரையில் ஒரு பெருநகரம் மூழ்கிக் கிடக்கிறதா?

விடுமுறையில் குடும்பத்தோடு இராமேஸ்வரம் வரவிருப்பதாகவும், கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி ஆகியவற்றைப் பார்த்த பிறகு ஒரு நாள் மிஞ்சும் என்றும், இந்தக் கரையில் முன்னொரு காலத்தில் பெருநகரம் ஒன்று இருந்து கடலுக்குள் போய்விட்டதாகக் காணொளி ஒன்றில் கேட்டதாகவும், அது உண்மையானால் அதன் மிச்சத்தை எங்கே பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அயல்நாட்டாரும் அறிந்த நகரம் ஒன்று இங்கே இருந்ததா என்பது ஒன்று. அது மூழ்கியதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்த நகரம் கடலுக்கடியில் அல்ல, மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அடியில்தான் கிடக்கிறது. கல்வெட்டியல் பயின்று, படியெடுப்பதற்காகவும் பானை ஓடு பார்ப்பதற்காகவும் இக்கரையோர ஊர்களில் பல்லாண்டுகள் அலைந்தவன் என்ற முறையில், சான்றோடு நிற்பதையும் செவிவழியாக வந்ததையும் கூடியவரை பிரித்தே எழுதுகிறேன்.

நீங்கள் தேடும் நகரத்தின் பெயர் பெரியபட்டினம். கீழக்கரைக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டி, தென்னையும் பனையும் சூழ இருக்கும் ஊர் அது. இராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகள் அதன் பக்கம் திரும்புவதே இல்லை. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகள் இதைப் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று குறிக்கின்றன. இந்த ஊரில் கிணறு வெட்டும்போதும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் பீங்கான் ஓடுகள் கிடைப்பது புதிதல்ல. அவை நம் வீட்டுப் பீங்கான் அல்ல. கையில் எடுத்துப் பார்த்தால் மேலே கண்ணாடி போன்ற வெளிர்பச்சைப் பூச்சு, உடைந்த விளிம்பில் சாம்பல் கலந்த வெண்மை, மண் ஓட்டை விடக் கனம். இவை தென்சீனத்தின் லுங்சுவான் சூளைகளில் சுடப்பட்டவை. வெள்ளைப் பரப்பில் நீல வரைவு கொண்ட ஓடுகளும் இவற்றோடு கலந்து கிடைக்கின்றன. அவை சிங்தெசென் சூளைகளின் வேலைப்பாடு. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா 1980களில் இங்கே வந்து இந்த ஓடுகளைச் சேகரித்து ஆராய்ந்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் எ. சுப்பராயலு தலைமையில் அகழாய்வு செய்தது. கிடைத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இவ்வளவும் உறுதி.

அதே காலத்தில் கடலின் மறுமுனையில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஓடுகள் பேசத் தொடங்கும். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப்பெருமாள் என்ற தமிழர், அங்கே சிவபெருமானுக்குத் திருமேனி எழுந்தருளச் செய்த செய்தியை அது தமிழிலேயே சொல்கிறது. சீன ஓடு நம் ஊர் மண்ணிலும், தமிழ்க் கல்வெட்டு அவர்கள் ஊர் மண்ணிலும் ஒரே தலைமுறையில் இடம் பிடித்திருக்கின்றன. அக்காலத்தில் மதுரையில் ஆண்டவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். அவனுக்காக ஆண்டுதோறும் பாரசீக வளைகுடாவின் கீஸ் தீவிலிருந்து 1,400 குதிரைகள் அனுப்பப்பட வேண்டும் என்று உடன்பாடு இருந்ததாகவும், வழியில் கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் விதி என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொற்காசு என்கிறார். எண்ணிக்கை சற்றுக் கூட்டிச் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் குதிரை வணிகம் எவ்வளவு பெரிது என்பதில் மார்க்கோ போலோவும் அவரோடு ஒத்துப்போகிறார்.

இந்நகரத்தைக் கண்ணால் கண்டு எழுதியவர் என்று கருதப்படுபவர் மொராக்கோப் பயணி இபின் பதூதா. 1344 வாக்கில் இலங்கையிலிருந்து வந்தவரின் கப்பல் ஆழமில்லாத நீரில் மாட்டிக்கொண்டது. பாய்மரத்தை வெட்டிச் சாய்த்து, சிலரைக் கட்டுமரம் போன்ற ஒன்றில் கரைக்கு அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே தங்கினார். காலையில் உள்ளூர் மக்கள் படகில் வந்து மீட்டார்கள். பின்னர் அவர் ‘ஃபத்தன்’ என்று பெயரிட்டு ஒரு துறைமுக நகரை வருணிக்கிறார். பெரிய, அழகிய நகரம், வியக்கத்தக்க துறை என்கிறார். துறையில் பருத்த மரத்தூண்களை நட்டு எழுப்பிய பெரிய மரமண்டபம் ஒன்று இருந்தது. அதற்குச் செல்ல மேலே கூரை வேய்ந்த மரப்பாதை. பகைவர் கடல்வழி வந்தால் துறையில் நிற்கும் கப்பல்களை அந்த மண்டபத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வீரர்களும் வில்லாளிகளும் ஏறி நின்று தாக்குவார்கள். கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல் இருந்தது. திராட்சையும் நல்ல மாதுளையும் மிகுதியாகக் கிடைத்தன. மதுரை சென்று கொள்ளைநோயைக் கண்டு, தாமும் காய்ச்சலில் விழுந்து எழுந்து, ஃபத்தனுக்குத் திரும்பியபோது ஏமன் நாட்டுக்குப் புறப்படத் தயாராக எட்டுக் கப்பல்கள் நின்றன என்றும் எழுதுகிறார்.

ஃபத்தன் என்பது பெரியபட்டினம்தானா என்பது அறிஞரிடையே முடிவாகாத ஒன்று. காவிரிப்பூம்பட்டினம் என்றும், தேவிபட்டினம் என்றும் முன்பு சிலர் எழுதினர். ஏறத்தாழ அதே காலத்தில் வந்த சீன வணிகர் வாங் தாயுவான் பெரிய பட்டினம் என்ற பொருளில் ஓர் ஊரைக் குறிப்பதையும், மண்ணுக்குள் கிடைத்த ஓடுகளின் காலத்தையும் சேர்த்து வைத்து, கராஷிமா பெரியபட்டினமே என்று வாதிட்டார். என் கணிப்பும் அதுவே. ஏனெனில் இபின் பதூதா சொல்லும் காலத்துக்குப் பொருந்தும் அளவில் சீனப் பொருள் இவ்வளவு அடர்த்தியாகக் கிடைக்கும் வேறு துறை இக்கரையில் இதுவரை வெளிப்படவில்லை. ஆனால் ஊர்ப்பெயர் பொறித்த ஒரு கல்வெட்டுப் போல ஐயத்துக்கு இடமில்லாத சான்று அன்று இது. மரமண்டபத்தின் தடயமும் கிடைத்ததில்லை.

இத்துறையில் அயல்நாட்டு வணிகர் வாழ்ந்ததற்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்றைக் காண வேண்டுமானால் அருகிலுள்ள திருப்புல்லாணிக்குப் போக வேண்டும். ஆதிசெகந்நாதப் பெருமாள் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தின் கீழ்ப்புறம் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளியான பிழார்ப்பள்ளிக்கு அரசன் வழங்கிய கொடையைப் பதிவு செய்கிறது. சோனகர் என்பது அரபு நாட்டு முஸ்லிம் வணிகருக்கு அன்று வழங்கிய பெயர். பெருமாள் கோயில் கல்லில் பள்ளிவாசலுக்கான அரச ஆணை! இதை இக்கால நல்லிணக்கப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று என்னிடம் வரும் மாணவர்களிடம் சொல்வதுண்டு. ஊரில் எல்லாரும் பார்க்கக்கூடிய, நிலையான பதிவேடு கோயிற் கல்தான்; வணிகர் கொடை அங்கே பொறிக்கப்படுவது அன்றைய நடைமுறைக்கு இயல்பானதே. அந்த இயல்புதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இதே மாவட்டத்தின் வடகோடியில் தீர்த்தாண்டதானம் என்ற ஊரில் உள்ள அதே நூற்றாண்டுக் கல்வெட்டில், அஞ்சுவண்ணம், மணிக்கிராமத்தார், தென்னிலங்கை வலஞ்சியர், கைக்கோளர், வாணியர், கரையார் என்று பல குழுவினர் கூடி, கோயில் திருப்பணிக்காகத் தங்கள் சரக்குகளின் மீது தாங்களே ஒரு தொகை விதித்துக்கொண்ட செய்தி வருகிறது. மேலைக்கடல் நாட்டு வணிகரும் ஈழத்தோடு வணிகம் செய்தவரும் உள்ளூர் நெசவாளரும் கரைமக்களும் ஓரிடத்தில் உட்கார்ந்து முடிவெடுத்த கரை இது.

பிறகு ஏன் அந்த நகரம் ஓய்ந்தது? 14ஆம் நூற்றாண்டுக்குப் பின் சீன ஓடுகள் அருகிவிடுகின்றன என்பது உறுதி. காரணம் என்ன என்பதில் பலவும் ஊகமே. 1311இல் மாலிக் காபூர் படையெடுப்பு, அதற்குப் பின் மதுரைச் சுல்தான்களின் ஆட்சி, 1370களில் விசயநகரப் படை என்று அரை நூற்றாண்டுக்கும் மேல் நாடு கொந்தளிப்பில் இருந்தது. குதிரை வாங்கும் பாண்டியப் பேரரசு இல்லாமற் போனது. மணல் சேர்ந்து துறை தூர்ந்ததும் சேர்ந்திருக்கலாம். கடல் பொங்கி நகரை விழுங்கியது என்பதற்கு மட்டும் கல்வெட்டிலோ பயணக் குறிப்பிலோ மண்ணடுக்கிலோ ஆதாரம் இல்லை.

இக்கரையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தியை மனத்தில் வைத்தால் போதும் என்றால், நான் கடலின் ஆழமின்மையைத்தான் சொல்வேன். பாக் விரிகுடா பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமே உடையது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள மணல்திட்டு வரிசையில் சில இடங்களில் ஆள் நிற்கலாம். பெரிய கலங்கள் இந்த இடுக்கின் வழியே தாராளமாகச் செல்ல இயலாது. எனவே வடகடலில் வரும் சரக்குக்கு ஒரு துறையும், தென்கடலில் வரும் சரக்குக்கு மற்றொரு துறையும் தேவைப்பட்டன. ஆறு கொண்டுவரும் மணலும் கடல் ஒதுக்கும் மணலும் ஒரு துறையைத் தூர்த்தால் வணிகர் அடுத்த துறைக்குப் பெயர்ந்தனர். பெருநகரம் ஒன்று இங்கே நிலையாக நிற்காமல், சில நூற்றாண்டுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருந்தது என்பதே என் முடிவு.

அந்த வரிசையில் நாம் அறிந்தவற்றுள் பழையது அழகன்குளம். வைகை பாக் விரிகுடாவில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வைகை வெள்ளத்தில் பெரும்பங்கு இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போய்விடுவதால், முகத்துவாரத்தைப் பார்ப்பவருக்கு இங்கே ரோமாபுரிச் சரக்கு இறங்கியது என்றால் நம்பத் தோன்றாது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாக இங்கே தோண்டியதில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடி ஓடுகளும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகளும் கிடைத்தன. ஒரு பானை ஓட்டில் யாரோ ஒருவர் பாய்மரக் கப்பலைக் கீறி வைத்திருக்கிறார். சங்கப் பாடல்களில் வரும் மருங்கூர்ப்பட்டினம் இதுவே என்று சிலர் கொள்வது நல்ல ஊகம், மெய்ப்பிக்கப்பட்டதன்று.

பெரியபட்டினத்துக்குப் பின் மேலெழுந்த துறை கீழக்கரை. 17ஆம் நூற்றாண்டில் கிழவன் சேதுபதி இராமநாதபுரத்தைத் தலைநகராக்கிய காலத்தில், கீழக்கரையின் பெருவணிகராக இருந்தவர் பெரியதம்பி மரைக்காயர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் சொல்லும் அதே சீதக்காதி. அவர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜும்மா பள்ளிவாசலுக்குள் அனுமதி பெற்றுச் சென்று தூண்களைப் பாருங்கள். சதுரமும் எண்பட்டையும் மாறி மாறி வரும் கருங்கல் தூண், மேலே விட்டத்தைத் தாங்கும் போதிகை, அதில் தொங்கும் மொட்டு. கோயில் மண்டபத்துச் சிற்பிகளின் கைவேலை அப்படியே இருக்கும், உருவங்கள் மட்டும் இரா. அவற்றின் இடத்தில் பூவும் கொடியும். இவ்வூரிலுள்ள இன்னொரு பழைய பள்ளிவாசலை நபிகள் காலத்தது என்று ஊரார் போற்றுகிறார்கள். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் இன்று கண்ணுக்குத் தெரியும் கற்கட்டடங்கள் எவற்றையும் ஏழாம் நூற்றாண்டுக்குக் கொண்டு செல்லக் கட்டடக் கலை இடம் தராது. அரபு வணிகர் அவ்வளவு தொன்மையாக இக்கரைக்கு வந்திருக்கக்கூடும் என்பது வேறு செய்தி. கீழக்கரையார் முத்துக் குளிப்பதிலும் சங்கு குளிப்பதிலும் பேர்பெற்றவர்கள். சுறா அண்டாதபடி மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டும் ‘கடல்கட்டி’ என்பவர் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் கூடவே இருப்பார். மார்க்கோ போலோவும் இப்படிப்பட்டவரைக் குறித்து, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவருக்கும், பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் போனதாக எழுதியிருக்கிறார்.

கடைசித் துறை தனுஷ்கோடி. இதை மூழ்கிய புராண நகரமாகக் காட்டுவதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது இருபதாம் நூற்றாண்டு இரயில்வே ஊர். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கி, தனுஷ்கோடி வரை இரயில், தலைமன்னார் வரை நீராவிக் கப்பல், அங்கிருந்து மீண்டும் இரயில் என்று கொழும்பு போய்ச் சேர முடிந்தது. மணல்திட்டுகள் மீதே பாலம் போட்டு இரயிலை இலங்கைக்குக் கொண்டு செல்லவும் திட்டம் இருந்தது, அது நிறைவேறவில்லை. 1964 டிசம்பர் 22, 23 இரவில் புயலலை அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் கடலோடு போனார்கள். இன்றும் அவர்களின் உறவினர் இக்கரையில் வாழ்கிறார்கள். எனவே அங்கே நிற்கும் இடிந்த தேவாலயத்தின் மீதும் நிலையத்தின் மீதும் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதே புயலில் பாம்பன் பாலத்தின் 126 இரும்பு விட்டங்கள் அடித்துச் செல்லப்பட்டன. மீனவர்கள் உதவியோடு கடலடியில் இருந்தவற்றைக் கண்டெடுத்து, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் பாலம் மீண்டும் நின்றது. பிற்காலத்தில் கொங்கண் இரயில்வேயையும் தில்லி மெட்ரோவையும் உருவாக்கியவர் அவரே.

தனுஷ்கோடியில் பார்க்க வேண்டிய வியப்பு வேறொன்று உண்டு. இருபுறமும் கடல் தெரியும் மணலில் கையால் தோண்டினால் குடிநீர் ஊறும். சற்று நேரம் கலங்கலாக இருந்து, பிறகு தெளிந்துவிடும். அங்குள்ள பெண்கள் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். மழைநீர் உப்புநீரை விட இலேசானது. மணலில் இறங்கும் மழை, கீழே உள்ள கடல்நீரோடு எளிதில் கலக்காமல் அதன் மேல் ஒரு படலமாக நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. இராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களும் இந்த நீரை நம்பியவையே. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். இத்தீவில் விடுதிகள் பெருகப் பெருக எனக்கு இருக்கும் பெரிய கவலை அதுதான்.

உங்கள் காணொளியில் வந்திருக்கக்கூடிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1480 வரை இலங்கைக்கு நடந்தே போனார்கள் என்பது கோயில் மரபில் வருவதாகச் சொல்லப்படும் செய்தி. அக்காலத்திய நேரடிச் சான்று கொண்டதன்று. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது இலங்கை தரையால் இணைந்திருந்தது என்பது மட்டும் அறிவியல் உறுதி. மிதக்கும் கல் என்று தொட்டியில் காட்டப்படுவது, உள்ளே காற்றறைகள் நிறைந்த பவளக்கல்லோ எரிமலை நுரைக்கல்லோ ஆகும். கடல் இங்கே எப்போதும் ஏறிக்கொண்டே வந்தது என்பதும் சரியன்று. இராமேஸ்வரம் தீவின் வடகரையில் பழைய பவளத்திட்டு இன்று நீர்மட்டத்துக்கு மேலே தரையில் கிடக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதையதை விடச் சற்று உயர்ந்து நின்று, பிறகு இறங்கியதற்கு அது அடையாளம். மெய்யாகவே மூழ்கியவை வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நம் காலத்திலேயே நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலைத்தடுப்பு இல்லாமற் போனது அதற்கு முதன்மைக் காரணம்.

பாம்பனை அடுத்த குந்துகாலையும் விட்டுவிடாதீர்கள். 1897 ஜனவரி 26இல் விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்க, பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்ற இடம் என்று பலரும் அறிவார்கள். அதற்கு ஏழு நூற்றாண்டுக்கு முன், ஈழ மன்னன் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் இராமேஸ்வரத்தைப் பிடித்து, இதே குந்துகாலில் கோட்டை கட்டி அதற்குத் தன் மன்னன் பெயரைச் சூட்டியதாகச் சூளவம்சம் என்ற ஈழ வரலாற்று நூல் கூறுகிறது. கோட்டையின் சுவடு இன்று தரைமேல் எதுவும் தெரியாது.

உங்களுக்கு மிஞ்சும் அந்த ஒரு நாளில் காலையிலேயே இராமநாதபுரம் புறப்பட்டு, முதலில் இராமலிங்க விலாசம் அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் பாருங்கள். தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும், சேதுபதியைக் காணவந்த ஐரோப்பியரும் அங்கே வண்ணத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து திருப்புல்லாணி, அடுத்துக் கீழக்கரை, கடைசியாகப் பெரியபட்டினம். கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் தவிர்த்துச் செல்லுங்கள். பெரியபட்டினத்தில் அருங்காட்சியகமோ வழிகாட்டிப் பலகையோ எதிர்பார்க்க வேண்டாம். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பழைய பீங்கான் ஓடு கிடைக்கும் பக்கம் எது என்று கேட்டால், தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போவார்கள். மழைக்குப் பிந்திய நாட்களில் மண் கழுவப்பட்டு ஓடுகள் மேலே தெரியும். குனிந்து பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஓர் ஓடு எந்த மண்ணில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதைக்கொண்டு காலம் கணிக்க முடியும்.